கும்பினி முதல் பெர்ஹாட் வரை

கோலாலம்பூரின் கடைத்தெருக்களில் நடந்து செல்வோர் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே செல்வாராயின், பல பலகைகளின் இறுதியில் ‘செண்டிரியான் பெர்ஹாட்’ என்னும் இரு சொற்களைக் காண்பர். சிங்கப்பூரில் அவ்விடத்தில் ‘பிரைவேட் லிமிடெட்’ என்றிருக்கும். அச்சகம், துணிக்கடை, பேருந்து நிறுவனம், தோட்டம் என எதன் பெயரோடும் இவை ஒட்டிக்கொண்டு வருவதால், இவற்றை நிறுவனத்தின் தகுதியைக் காட்டும் பட்டங்கள் என எண்ணுவோரும் உளர். உண்மை அதற்கு மாறானது. மலாய் மொழியில் ‘ஹாட்’ என்பது எல்லையைக் குறிக்கும். அரபு மொழியிலிருந்து வந்த சொல் அது. எனவே ‘பெர்ஹாட்’ என்பதற்கு எல்லையுடையது என்பது பொருள். இந்நிறுவனத்திற்குக் கடன் கொடுப்போர் இதன் உரிமையாளர்களின் வீட்டையும் நிலத்தையும் நம்பிக் கொடுத்தல் வேண்டா. அவர்கள் இட்ட முதலோடு அவர்தம் பொறுப்பு முடிந்துவிடும் என்பதையே அச்சொல் அறிவிக்கின்றது. 1855ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாடாளுமன்றம் ‘லிமிடெட்’ என்னும் சொல்லை நிறுவனப் பெயரின் ஈற்றில் சேர்த்தல் வேண்டும் என விதித்தபோது, பழுதுற்ற பாலத்தின் முகப்பில் எச்சரிக்கைப் பலகை வைப்பது போன்றே அதனை விதித்தது. அச்சொல்லைச் சேர்க்கும் கருத்தைத் தந்தவர் எனப் போற்றப்படுபவர் பிராம்வெல் என்னும் சட்ட அறிஞர். எச்சரிக்கையாகப் பிறந்த சொல் நாளடைவில் அணிகலனாக மாறியது விந்தையே.

பொறுப்புக்கு எல்லையில்லாதிருந்த காலத்தின் கடுமையை, இலக்கியம் பயில்வோர் ஓர் எழுத்தாளரின் வாழ்க்கையிலேயே காணலாம். ஆங்கில வரலாற்றுப் புதினத்தின் தந்தை எனப் போற்றப்படும் சர் வால்டர் ஸ்காட், தம் நூல்களை அச்சிட்ட பாலன்டைன் அச்சகத்தில் வெளியில் தெரியாத பங்காளியாக இருந்தார். 1826ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவருடைய பதிப்பாளரான கான்ஸ்டபிள் நிறுவனம் நொடித்தது; அதனோடு பிணைந்திருந்த அச்சகமும் வீழ்ந்தது. பங்காளி என்ற முறையில் ஸ்காட்டின் தலையில் விழுந்த கடன் ஏறத்தாழ 120,000 பவுன். ஒரே பங்கை வைத்திருப்பினும் முழுக் கடனுக்கும் ஒவ்வொரு பங்காளியும் பொறுப்பாளி என்பதே அன்றைய சட்டம். நொடிப்பு முறிவு கோரித் தப்பிக்கொள்ள அவர் விரும்பவில்லை. எழுதியே தீர்ப்பதாகக் கடன்காரர்களோடு உடன்பாடு செய்துகொண்டார். அவ்வாண்டு மே மாதத்தில் மனைவியையும் இழந்தார். அதன் பின்னர் ஆறு ஆண்டுகள் இடையறாது எழுதி, உடல் நலிந்து, 1832இல் மறைந்தார். எஞ்சிய கடன் அவருடைய நூல்களின் உரிமையை விற்ற பணத்தால் பின்னரே தீர்ந்தது.

தமிழருக்கு இந்நெறி புதிதன்று. தந்தை பட்ட கடனை மகன் தீர்த்தல் அறக்கடமை என்பது இந்து சட்டத்தின் பழங்கோட்பாடு. மலாயாவிலும் பர்மாவிலும் இலங்கையிலும் நாட்டுக்கோட்டை நகரத்தார் நடத்திய கடைகள் யாவும் குடும்பத்தின் பெயரையும் நாணயத்தையும் பிணையாக வைத்து நடந்தவையே. அதற்கும் முன்னர்ச் சோழர் காலத்தில் கடல் கடந்து வாணிகம் செய்த ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரின் கல்வெட்டு, சுமத்திராவின் பாருஸ் பகுதியில் 1088ஆம் ஆண்டுக்குரியதாகக் கிடைத்துள்ளது. பெருமை பேசும் ஆர்வத்தில் ஐந்நூற்றுவரை உலகின் முதற் கம்பெனி என்று கூறிவிடுதல் எளிது. ஆயின் அது பொருந்தாது. அவர்கள் ஒரு கட்டுப்பாட்டுக்குள் நின்று தத்தம் முதலைக் கொண்டு வாணிகம் செய்த குழுவினர். பலருடைய பணம் ஒரே முதலாகத் திரண்டு, பணம் இட்டவரினின்றும் வேறான ஒன்றாக நின்று, அவர்கள் மறைந்த பின்னும் வாழ்வதே கம்பெனி எனப்படும். அவ்வடிவம் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் உருப்பெற்றது.

‘கம்பெனி’ என்னும் சொல், ஒருங்கே அமர்ந்து அப்பம் உண்போர் என்னும் பொருள்படும் இலத்தீன் மூலத்திலிருந்து வந்தது. தமிழ் மக்கள் அதனைக் ‘கும்பினி’ என்றனர். மலாய் மக்கள் ‘கொம்பெனி’ என்றனர். இரு மக்களுக்கும் அச்சொல் முதலில் வாணிகத்தையன்று, படையோடு வந்த ஆட்சியையே குறித்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

1600ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் எலிசபெத் அரசியார் இலண்டன் வணிகர்க்கு வழங்கிய பட்டயத்தால் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியது. கீழைக் கடல் வாணிகத்தில் பதினைந்து ஆண்டுகளுக்குத் தனியுரிமையை அப்பட்டயம் அளித்தது. ஆயினும் தொடக்கத்தில் அது முழுமையான கூட்டுப்பங்கு நிறுவனம் அன்று. ஒவ்வொரு கடற்பயணத்திற்கும் தனித்தனியே பணம் திரட்டுவர். கப்பல் மிளகோடு திரும்பியதும் முதலையும் ஊதியத்தையும் பங்கிட்டுக்கொண்டு கணக்கை முடித்துவிடுவர். 1657ஆம் ஆண்டில்தான் நிலையான கூட்டுமுதல் அமைந்தது. டச்சுக்காரர் இதில் முந்திக்கொண்டனர். 1602ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் பட்டயம் பெற்ற அவர்களுடைய ஐக்கியக் கிழக்கிந்தியக் கம்பெனி, ஏறத்தாழ 64 இலட்சம் கில்டர் முதலைப் பொதுமக்களிடமிருந்து திரட்டியது. விரும்பியவர் எவரும் பங்கு பெறலாம் என்று அறிவித்தமையால், ஆம்ஸ்டர்டாம் நகரில் மட்டும் 1,143 பேர் பெயர் பதிவு செய்தனர். பதிவேடு வைக்கப்பட்டிருந்த டிர்க் வான் ஓஸ் என்னும் வணிகரின் இல்லத்துப் பணிப்பெண்ணும், பதிவு முடியும் நாளன்று தம் சேமிப்பிலிருந்து 100 கில்டர் இட்டுப் பங்குதாரராயினார். பேரரசுகளை ஆட்டிப்படைக்கவிருந்த ஒரு நிறுவனத்தின் கடைசிப் பங்காளிகளுள் ஒருவர் அடுக்களையிலிருந்து வந்தவர்.

பங்கு இட்டவர் பணத்தைத் திரும்பப் பெறப் பல ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும் என்பதால், அவசரத்திற்குப் பணம் தேவைப்பட்டோர் தம் பங்கைப் பிறர்க்கு விற்றனர். அதிலிருந்தே ஆம்ஸ்டர்டாம் பங்குச் சந்தை வளர்ந்தது. பங்கு கைமாறினும் கம்பெனியின் முதல் குறையவில்லை. தாம் இட்டதற்கு மேல் பங்குதாரர் கொடுக்க வேண்டுவதில்லை என்ற வழக்கமும் இதனோடு நிலைபெற்றது. அக்கம்பெனி 1641இல் போர்த்துக்கீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றியது. 1658இல் தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் தன் கைக்குள் கொண்டுவந்தது. இந்நகரங்களின் கோட்டைகள் எல்லாம், எண்ணிப் பார்த்தால், பங்குப் பணத்தால் எழுந்தவையே. அக்கம்பெனி கடனில் மூழ்கி, 1799ஆம் ஆண்டின் இறுதியோடு மறைந்தது.

பட்டயம் பெறுதல் அரசவையில் செல்வாக்குடையோர்க்கே இயன்றது. அது கிட்டாதோர் பட்டயமின்றியே பங்குகளை வெளியிட்டனர். 1720ஆம் ஆண்டில் இலண்டனில் மூண்ட பங்கு வெறி இதன் உச்சம். தென்கடல் கம்பெனியின் பங்கு அவ்வாண்டின் தொடக்கத்தில் சுமார் 128 பவுனுக்கு விற்றது. கோடையில் 1,000 பவுனைத் தொட்டது. செப்டம்பர் முடிவில் 200 பவுனுக்கும் கீழே வீழ்ந்தது. விண்மீன்களின் இயக்கத்தைக் கணித்த சர் ஐசக் நியூட்டனும் இதில் பெரும்பணத்தை இழந்தார். அவ்வாண்டு இயற்றப்பட்ட ‘குமிழிச் சட்டம்’, பட்டயமோ நாடாளுமன்றச் சட்டமோ இன்றிக் கைமாறும் பங்குகளை வெளியிடுதலைத் தடைசெய்தது. இந்தச் சரிவைக் கண்டு மக்களைக் காக்க நாடாளுமன்றம் இச்சட்டத்தை இயற்றியது எனப் பல நூல்களில் காணப்படுகின்றது. அது பிழை. சட்டம் நிறைவேறியது சூன் மாதத்தில். சரிவு நேர்ந்ததோ அதற்குப் பின்னர். தன் பங்குகளுக்குப் போட்டியாக முளைத்த சிறு நிறுவனங்களை ஒழிக்கத் தென்கடல் கம்பெனியே முன்னின்று கொண்டுவந்த சட்டம் அது. நாட்களை வரிசைப்படுத்திப் பாராமல் காரண காரியம் கூறினால் வரலாறு தலைகீழாகிவிடும் என்பதற்கு மாணவர்க்குக் காட்டத்தக்க சான்று இது.

தன்னலத்தால் பிறந்த அச்சட்டம் நூறாண்டுகளுக்கு மேல் நிலைத்தது. அதனைச் சுற்றிச் செல்ல வழக்கறிஞர்கள் வழி கண்டனர். நம்பிக்கைப் பொறுப்பாளர் சிலரிடம் சொத்தை ஒப்படைத்து, உடன்படிக்கைப் பத்திரம் ஒன்றில் பங்காளிகள் அனைவரும் கையெழுத்திடுவர். சட்டத்தின் கண்ணுக்கு அது வெறும் கூட்டு வாணிகமே. முந்நூறு பங்காளிகள் உடைய நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுப்பவர் முந்நூறு பெயரையும் வழக்கில் சேர்த்தல் வேண்டும். வழக்கு நடக்கையில் ஒருவர் இறந்தாலும் இடர்ப்பாடுதான். இதற்கிடையே கால்வாய்களும் இருப்புப்பாதைகளும் பெருமுதல் வேண்டி நின்றன. அவற்றிற்குத் தனித்தனியே நாடாளுமன்றச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. 1825இல் குமிழிச் சட்டம் நீக்கப்பட்டது. அதன்பின் போலி நிறுவனங்கள் பெருகின. சார்லஸ் டிக்கன்ஸ் 1843, 1844ஆம் ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளியிட்ட ‘மார்ட்டின் சசில்விட்’ புதினத்தில், பளபளக்கும் அலுவலகத்தைத் தவிர வேறு முதல் இல்லாத காப்புறுதி நிறுவனம் ஒன்றை எள்ளி நகையாடியிருப்பது அக்காலத்தின் படப்பிடிப்பேயாகும்.

1844ஆம் ஆண்டில், வணிக வாரியத்தின் தலைவராயிருந்த கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டம் ஒரு பெருந்திருப்பத்தை ஏற்படுத்தியது. மன்னரின் அருளோ நாடாளுமன்றத்தின் தனிச்சட்டமோ வேண்டா. பதிவாளரிடம் ஆவணங்களைக் கொடுத்துப் பதிந்தாலே நிறுவனம் பிறந்துவிடும் என்று அச்சட்டம் வகுத்தது. அருளாக இருந்தது உரிமையாயிற்று. ஆயின் பொறுப்புக்கு எல்லை வகுக்க அச்சட்டம் துணியவில்லை.

அதனை அடுத்துப் பத்தாண்டுக்காலம் நிகழ்ந்த வாதம் இன்றும் படிக்கத்தக்கது. கடன் பட்டவன் தன் கடைசி ஷில்லிங் வரை கொடுத்துத் தீர்க்கவேண்டும் என்பதே வாணிகத்தின் முதுகெலும்பு; அதனை முறித்தால் சூதாடிகளே கடை திறப்பர் என ஒரு சாரார் வாதிட்டனர். பொருளியல் அறிஞர் மக்கல்லக் அவர்களுள் ஒருவர். தம் சொந்த முதலால் ஆலைகளை வளர்த்த மான்செஸ்டர் வணிகர்களும் எதிர்த்தனர். புதியோர் எளிதில் போட்டிக்கு வருவதை அவர்கள் விரும்பாததில் வியப்பில்லை. மறுசாரார் எளியோரின் நிலையைச் சுட்டினர். நாடாளுமன்ற உறுப்பினர் ஸ்லேனியின் தலைமையில் 1850இல் அமைந்த குழு, நடுத்தர மக்களும் உழைப்பாளரும் தம் சிறு சேமிப்பை எங்கே முதலீடு செய்வது என்பதையே ஆராய்ந்தது. பத்துப் பவுன் சேர்த்த தையற்காரர் அதனை ஒரு தொழிலில் இட்டால், அத்தொழில் முறியும்போது அவருடைய தையற்பொறியும் கட்டிலும் போய்விடும் என்றால் யார்தான் இடுவர்? சான் ஸ்டூவர்ட் மில் போன்ற அறிஞர்களும் சட்டத் தளர்வையே விரும்பினர். பிரான்சு நாட்டின் 1807ஆம் ஆண்டு வணிகச் சட்டத் தொகுப்பும், நியூயார்க் மாநிலத்தின் 1811ஆம் ஆண்டுச் சட்டமும் முன்மாதிரிகளாகக் காட்டப்பட்டன. 1854இல் அறிக்கை தந்த அரச ஆணையத்தின் பெரும்பான்மையோர் மாற்றம் வேண்டாம் என்றனர். ஆயினும் அடுத்த ஆண்டே, கிரிமியப் போரின் ஆரவாரத்திற்கிடையே, வரையறுத்த பொறுப்புச் சட்டம் நிறைவேறியது. குறைந்தது 25 உறுப்பினர், 10 பவுனுக்குக் குறையாத பங்கு என்பன போன்ற காப்புகளை அது விதித்திருந்தது. 1856இல் இராபர்ட் லோ கொண்டுவந்த சட்டம் அக்காப்புகளைப் பெரும்பாலும் நீக்கி, எழுவர் கையெழுத்திட்டால் போதும் என எளிமையாக்கியது. யாருக்குக் கடன் கொடுப்பது என்பதை மக்களே முடிவு செய்துகொள்ளட்டும். அரசு தாதியாக நிற்க வேண்டா என்பது அவர்தம் கொள்கை. 1862ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றையெல்லாம் ஒருங்கே தொகுத்தது. ஏழைத் தையற்காரரைச் சொல்லி வாதாடிப் பெற்ற சட்டத்தை அதிகமாகப் பயன்படுத்திக்கொண்டோர் தையற்காரர்கள் அல்லர் என்பதையும் உடன் கூறுதல் வேண்டும்.

வங்கிகள் இதனை 1858 முதல் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றிருந்தும் பல வங்கிகள் ஏற்கவில்லை. பங்குதாரரின் முழுச் சொத்தும் பின்னிற்பது வைப்புக்கணக்கு வைப்போர்க்கு நம்பிக்கை தரும் என அவை கருதின. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர வங்கி அவற்றுள் ஒன்று. 133 கிளைகளோடு செழிப்பாகக் காட்சியளித்த அவ்வங்கி 1878ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் திடுமெனக் கதவை அடைத்தது. இயக்குநர்கள் வேண்டியவர்க்குப் பெருங்கடன்களை வாரி வழங்கிவிட்டு, ஆண்டுதோறும் கணக்கேட்டைத் திருத்தி ஊதியம் கொடுத்து வந்தது அப்போதுதான் வெளிப்பட்டது. கலைப்பு அலுவலர்கள் பங்குதாரரிடம் பணம் கேட்டனர். 100 பவுன் பங்குக்கு முதலில் 500 பவுன் செலுத்தவேண்டும் என்றனர். பலர் அதனைச் செலுத்த இயலாமல் வீழவே, அவர்தம் சுமையையும் எஞ்சியோர் சுமக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை அதே 100 பவுனுக்கு 2,250 பவுன் கேட்கப்பட்டது. நூறு பவுன் இட்டிருந்த ஒருவர், அந்நூறை இழந்ததோடு 2,750 பவுனும் கொடுத்தல் வேண்டும். பங்குதாரர் 1,819 பேருள் இறுதியில் நொடிக்காமல் நின்றவர் 254 பேரே. கைம்பெண்களும் மணமாகாத முதிய மகளிரும், குருமாரும், சிறு கடைக்காரரும் அப்பட்டியலில் இருந்தனர். அனாதைகளின் சொத்தைப் பாதுகாக்கப் பொறுப்பேற்று, அவர்கள் சார்பில் தம் பெயரில் பங்கு வாங்கியிருந்தோரும் தம் சொந்தச் சொத்தையே இழந்தனர். தாம் பிறர் பொருட்டே வைத்திருந்ததாக அவர்கள் முறையிட்டும் பிரபுக்கள் அவை 1879இல் அதனை ஏற்கவில்லை. இயக்குநர் அறுவரும் மேலாளரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. இருவர்க்குப் பதினெட்டு மாதச் சிறை. ஏனையோர்க்கு எட்டு மாதம். கணக்கேட்டைப் பொய்யாக்கியவர்கள் பதினெட்டு மாதத்தில் வெளிவந்தனர். அதனை நம்பிய மூதாட்டியர் வாழ்நாள் முழுதும் தண்டனை அனுபவித்தனர். வைப்புக்கணக்கு வைத்தோர்க்கு மட்டும் முழுத்தொகையும் கிடைத்தது. மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த, பிரித்தானிய வங்கிகள் வரையறுத்த பொறுப்புக்கு மாறலாயின.

வரையறுத்த பொறுப்பை நிறைவாக்கிய தீர்ப்பு ஒரு செருப்புக்கடையிலிருந்து எழுந்தது. இலண்டனின் வொயிட்சாப்பல் பகுதியில் ஆரன் சாலமன் என்பவர் காலணி செய்து விற்கும் தொழிலைப் பல்லாண்டுகளாகச் சொந்தமாக நடத்திவந்தார். மகன்கள் தமக்கும் பங்கு வேண்டும் என விரும்பவே, 1892இல் அத்தொழிலைக் கம்பெனியாக மாற்றினார். எழுவர் வேண்டும் என்பது சட்டம். தாமும் மனைவியும் ஒரு மகளும் நான்கு மகன்களுமாக எழுவர். அறுவர்க்கும் ஆளுக்கு ஒரு பங்கு. சாலமனுக்கு 20,001 பங்குகள். தொழிலின் விலை ஏறத்தாழ 39,000 பவுன் என மதிப்பிட்டு அதனைக் கம்பெனிக்கு விற்றார். விலையின் ஒரு பகுதிக்காகக் கம்பெனி அவருக்கு 10,000 பவுனுக்குக் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தது. கம்பெனியின் சொத்து முழுவதும் அப்பத்திரத்திற்குப் பிணை. அதாவது, சாலமனே தம் கம்பெனிக்குக் கடன்காரரானார். அதுவும் மற்றையோர்க்கு முந்தி நிற்கும் கடன்காரர்.

காலணித் தொழிலில் வேலைநிறுத்தங்கள் தொடர்ந்தன. அரசின் கொள்முதல் ஆணைகளும் பலர்க்குப் பிரித்தளிக்கப்பட்டன. கம்பெனியைக் காப்பாற்றத் தம் கடன் பத்திரத்தையே பிராடரிப் என்பவரிடம் ஈடு வைத்து 5,000 பவுன் பெற்றுத் தந்தார் சாலமன். பயனில்லை. 1893இல் கம்பெனி வீழ்ந்தது. பிணையில்லாமல் சரக்குக் கொடுத்தோர்க்கு வரவேண்டிய 7,700 பவுனுக்கு மேற்பட்ட தொகைக்கு எதுவும் மிஞ்சவில்லை. கலைப்பு அலுவலர் நீதிமன்றம் சென்றார். இக்கம்பெனி சாலமனின் மறுபெயரே, அவருடைய முகவரே. ஆகவே கடனை அவரே தீர்க்கவேண்டும் என உயர் நீதிமன்றம் கூறியது. எழுவர் என்பது எழுவர் உண்மையாகச் சேர்ந்து தொழில் நடத்துவதைக் குறிக்கும். ஒருவரும் ஆறு பொம்மைகளும் கம்பெனி ஆகார் என்ற போக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் 1895இல் அவருக்கு எதிராகத் தீர்த்தது. வறியவர்க்குரிய சலுகையின்கீழ் சாலமன் பிரபுக்கள் அவையை நாடினார். 1896ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் ஆல்ஸ்பரி, மக்னாட்டன் முதலிய பிரபுக்கள் ஒருமனதாகக் கீழ்த்தீர்ப்புகளை மாற்றினர். எழுவர் வேண்டும் என்றே சட்டம் சொல்கின்றது. அவ்வெழுவர் உறவினரா, அந்நியரா, சமபங்கு உடையவரா எனச் சட்டம் கேட்கவில்லை. சட்டத்தில் இல்லாததை நீதிபதிகள் சேர்த்துப் படித்தல் ஆகாது. முறைப்படி பதிவாகிய கம்பெனி தன்னைத் தோற்றுவித்தோரினின்றும் வேறான ஓர் ஆள் என்பதே அத்தீர்ப்பின் சாரம். சாலமன் வேறு, சாலமன் கம்பெனி வேறு.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் சட்டம் பயில்வோர் முதலாண்டிலேயே படிக்கும் தீர்ப்பு இது. தருக்கத்தில் குறைகாண இயலாதது. சாலமனும் ஏமாற்றுக்காரர் அல்லர் என்பதை அவர் ஈடு வைத்த பத்திரமே காட்டும். ஆயினும் தோலும் சரக்கும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியோரின் பக்கம் நின்று நோக்கினால், மேன்முறையீட்டு நீதிபதிகள் அடைந்த சினம் விளங்காமற் போகாது. நாடாளுமன்றத்திற்கும் அது விளங்கியிருத்தல் வேண்டும். மறு ஆண்டு, 1897இல் வந்த திருத்தச் சட்டம், கம்பெனியின் சரக்கையெல்லாம் தழுவிய இத்தகைய பிணைப் பத்திரக்காரர்க்கு முன்னதாக ஊழியரின் ஊதிய நிலுவையைக் கொடுத்தல் வேண்டும் என விதித்தது. உழைத்தோர்க்குரிய கூலி, அதற்கென வகுத்த அளவுவரை, முதலில் சென்றது. சாலமன் தீர்ப்பை விளக்குவோர் இத்திருத்தத்தைக் கூறாமல் விட்டுவிடுவது பெருங்குறை.

இந்தியாவில் 1850ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவனப் பதிவைத் தொடங்கியது. 1857ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்த பொறுப்பை அளித்தது. இச்சட்டத்தின் இரு முகங்களையும் தமிழகம் ஒரே வாரத்தில் கண்டது. 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் வ. உ. சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. முதல் பத்து இலட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். ஆங்கிலேயர் தம் வாணிகத்திற்கு வகுத்த சட்டத்தையே கொண்டு, ஆங்கிலேயரின் கப்பல் தனியுரிமையை எதிர்த்தார் அவர். டச்சுக் கம்பெனி தன் நாணயங்களிலும் பீரங்கிகளிலும் பொறித்த வி, ஓ, சி என்னும் மூன்று எழுத்துகளே, அது ஒருகாலத்தில் ஆண்ட தூத்துக்குடியில் கப்பல் விட்ட இத்தமிழரின் ஆங்கில முதலெழுத்துகளாகவும் அமைந்தது தற்செயலே. பிரிட்டிஷ் இந்தியா நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது. 1908 மார்ச்சில் சிதம்பரனார் சிறைப்பட்டார். அவர் சிறையிலிருக்கையிலும் நிறுவனம் சட்டப்படி உயிரோடிருந்து, 1911இல் கலைக்கப்பட்டது.

அது பதிவான ஆறாம் நாள், அக்டோபர் 22இல், சென்னையின் புகழ்பெற்ற அர்பத்நாட் நிறுவனம் நொடித்தது. அது லிமிடெட் நிறுவனம் அன்று. எல்லையற்ற பொறுப்புடைய கூட்டு வாணிகம். ஓய்வூதியம் பெற்றோரும் சிறு நிலக்கிழார்களுமாக ஆயிரக்கணக்கானோர் தம் சேமிப்பை இழந்தனர். அதன் தலைவர் சர் சார்ச்சு அர்பத்நாட் பதினெட்டு மாதக் கடுங்காவல் பெற்றார். எல்லையற்ற பொறுப்பு கடனீந்தோரைக் காக்கும் என்ற பழைய வாதம் சென்னையில் பொய்த்தது. கிளாஸ்கோவில் அது மெய்த்தமைக்குக் காரணம், பிழிவதற்குப் பங்குதாரர் ஆயிரத்தெண்ணூறு பேர் இருந்தமையே. அந்த இழப்பின் நடுவே வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயன்று 1907இல் தோற்றுவித்த இந்தியன் வங்கி, லிமிடெட் நிறுவனமாகவே பதிவாயிற்று.

நீரிணைக் குடியேற்றங்கள் 1867 வரை இந்திய ஆட்சியில் இருந்தமையால் இந்தியச் சட்டமே அங்கும் செல்லுபடியாயிற்று. 1889இல் அவற்றிற்குத் தனிச்சட்டம் வந்தது. ஆயினும் மலாயாத் தமிழரின் வாழ்வைத் தொட்ட கம்பெனிகளுட் பல பதிவானது இலண்டனில். 1910 ஏப்ரலில் ஒரு இராத்தல் இரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியபோது, மலாயாவைக் கண்ணாலும் காணாத ஆங்கிலேயர் பலர் இரப்பர்க் கம்பெனிப் பங்குகளை வாங்கக் குவிந்தனர். காட்டை அழித்து நட்டவரும், விடியுமுன் பால் வெட்டச் சென்றவரும் தமிழர். தோட்டத்தை நடத்தியவை கத்ரி, அரிசன்ஸ் குரோஸ்பீல்டு போன்ற முகவாண்மை நிறுவனங்கள். உடைமையாளரோ முகமறியாப் பங்குதாரர். துரையிடம் முறையிடலாம், கம்பெனியிடம் முறையிட அதற்கு முகமில்லை. 1930களின் தொடக்கத்தில் விலை சரிந்தபோது இலண்டன் பங்குதாரர் இழந்தது பங்கின் மதிப்பையும் ஊதியத்தையும். தோட்டத்தில் நாட்கூலி குறைக்கப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பங்குதாரரின் பொறுப்புக்குச் சட்டம் எல்லை வகுத்திருந்தது. தொழிலாளியின் இழப்புக்கு எல்லை வகுத்தார் எவருமிலர்.

1950களில் அக்கம்பெனிகள் சில தம் தோட்டங்களை விற்க, வாங்கியவர் அவற்றைத் துண்டாடினர். வேலையோடு குடியிருந்த வீட்டையும் இழந்து தொழிலாளர் வெளியேறினர். அதற்கு மறுமொழியாகவே துன் வீ. தி. சம்பந்தனின் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டிய பணத்தால் அது தோட்டங்களை வாங்கியது. அவர்கள் கம்பெனியைத் தேராமல் கூட்டுறவைத் தேர்ந்தமை கருதத்தக்கது. கம்பெனியில் பங்குக்கு ஒரு வாக்கு, கூட்டுறவில் ஆளுக்கு ஒரு வாக்கு. கம்பெனியின் வழியும் பின்னர்ப் பயன்பட்டது. 1821இல் சிங்கப்பூரில் தொடங்கிய கத்ரி நிறுவனத்தின் பங்குகளை, 1981 செப்டம்பர் 7ஆம் நாள் காலையில் இலண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்திற்குள் வாங்கி, மலேசியாவின் பெர்மோடாலான் நேஷனல் பெர்ஹாட் அதன் பெரும்பான்மை உரிமையைப் பெற்றது. ஆம்ஸ்டர்டாம் வணிகர் கண்ட கைமாறும் பங்கு என்னும் அதே கருவியால், ஒரு குண்டும் வெடிக்காமல், பரந்த தோட்டங்கள் நாட்டுக்கு மீண்டன.

சட்டமும் இதற்குள் உள்நாட்டுச் சட்டமாகியிருந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து 1961ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவி மலேசியாவின் 1965ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் எழுந்தது. சிங்கப்பூரின் 1967ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் பின்பற்றியது. எழுவர் என்ற எண் இரண்டாகக் குறைந்தது. சிங்கப்பூர் 2004இல் ஒருவரே கம்பெனி அமைக்க இசைந்தது. மலேசியாவின் 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், 2017 சனவரி 31 முதல் அவ்வுரிமையை அளித்தது. வொயிட்சாப்பல் செருப்புக்கடைக்காரர் இன்று கோலாலம்பூரில் தொழில் பதிவு செய்வாராயின், மனைவியையும் மக்கள் ஐவரையும் கையெழுத்திட அழைக்க வேண்டியிராது.